கொங்கில் இணையம் – 9: தீர்ந்துபோன முகவரிகளும் ஆறாம் பதிப்பும்

இணையத்தோடு சேரும் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண் முகவரி வேண்டும். அந்த எண் இல்லாமல் ஒரு கணினி அனுப்பும் கேள்வி போய்ச் சேரலாம். பதில் திரும்பி வராது. 1981 செப்டம்பரில் வரையறுக்கப்பட்ட ஐபிவி4 என்னும் நான்காம் பதிப்பு நெறிமுறை, இந்த முகவரிக்கு 32 பிட் இடம் ஒதுக்கியது. அதற்குள் அடங்கும் எண்கள் ஏறத்தாழ 429 கோடி. 1983 ஜனவரி 1 அன்று அமெரிக்காவின் ஆர்ப்பாநெட் இந்த நெறிமுறைக்கு மாறியபோது அதில் இருந்த கணினிகள் சில நூறுதான். அதனால் முகவரிகள் வாரி வழங்கப்பட்டன. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் என்ற ஒரே கல்வி நிலையத்தின் கைக்கு மட்டும் 1 கோடியே 67 லட்சம் முகவரிகள் போயின. இந்தியா வரிசையில் பின்னால் வந்து நின்ற நாடு. அரசு நிறுவனமான விதேஷ் சஞ்சார் நிகம் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டதே 1995 ஆகஸ்ட் 15 அன்றுதான். 2013இல் மத்தியத் தொலைத்தொடர்புத் துறை கணக்குப் பார்த்தபோது நாட்டிடம் இருந்தவை சுமார் 3.5 கோடி முகவரிகள். டேட்டா பயன்படுத்துவோர் சுமார் 36 கோடிப் பேர். பத்துப் பேருக்கு ஒரு முகவரி என்ற நிலை.

பற்றாக்குறை வரும் என்பது நெறிமுறையை வகுத்தவர்களுக்கு முன்பே தெரிந்திருந்தது. இந்தியாவில் இணையம் திறக்கப்பட்ட நான்கே மாதத்தில், 1995 டிசம்பரில், ஆறாம் பதிப்பான ஐபிவி6-இன் முதல் வரையறை வெளியாகிவிட்டது. ஐந்து என்ற எண், நேரடி ஒலி, காட்சிகளைக் கொண்டுசெல்ல நடந்த வேறொரு சோதனை நெறிமுறைக்கு ஏற்கெனவே கொடுக்கப்பட்டிருந்ததால், நான்குக்கு அடுத்து ஆறு வந்தது. புதிய முகவரியின் அளவு 128 பிட். 340 என்று எழுதி அதன் பின்னால் 36 சுழியங்களைச் சேர்த்தால் வரும் எண்ணிக்கை ஏறத்தாழ அதன் கொள்ளளவு. எண்ணிக்கையில் குறையே வைக்காத இந்த ஏற்பாட்டில் இன்னொரு பக்கத்தில் பெரிய குறை இருந்தது. நான்காம் பதிப்பு மட்டும் தெரிந்த கருவியும் ஆறாம் பதிப்பு மட்டும் தெரிந்த கருவியும் நேரடியாகப் பேசிக்கொள்ள முடியாது. நடுவில் மொழிபெயர்க்கும் ஒரு கருவி வேண்டும். இல்லையென்றால் இரண்டு நெறிமுறைகளையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டவேண்டும். முதலில் மாறுகிறவருக்குச் செலவு மிஞ்சும், ஆதாயம் எதுவும் வராது. அடுத்த இருபது ஆண்டுகளின் தாமதத்துக்கு இதுவே மூல காரணம்.

முந்தைய பகுதிகளில் பார்த்தபடி, 1998 நவம்பர் உரிமக் கொள்கை இணையச் சேவையைத் தனியாருக்குத் திறந்தது. அடுத்த மாதமே, டிசம்பரில், ஐபிவி6-இன் திருத்திய வரையறை வெளிவந்தது. இரண்டும் ஒரே காலத்தில் நடந்தும் ஒன்றையொன்று தொடவில்லை. கொங்கு நகரங்களில் அப்போது இணையம் என்றால் பிரவுசிங் சென்டர்தான். திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு ஐரோப்பிய வாடிக்கையாளர் அனுப்பும் டெக் பேக் என்னும் ஆடை விவரக் குறிப்பு, டெலக்ஸ், ஃபேக்ஸ் காலத்தைத் தாண்டி மின்னஞ்சலில் வரத் தொடங்கியிருந்தது. ஒரு டயல்-அப் இணைப்புக்கு ஒரு முகவரி. அதன் பின்னால் ஆறேழு கணினிகள். இதைச் சாத்தியமாக்கியது 1994 மே மாதத்தில் வெளியான முகவரி மாற்று முறை. திருப்பூரின் லைன் வீடுகளில் பத்துக் குடும்பம் இருந்தாலும் கதவு எண் ஒன்றுதான். வரும் தபாலை யாருக்கென்று பார்த்துப் பிரித்துக் கொடுக்க வாசலில் ஒருவர் வேண்டும். அந்த வேலையை ரவுட்டர் செய்தது. உள்ளே இருக்கும் கருவிகளுக்கு 192.168 என்று தொடங்கும் முகவரிகள் போதும். 1994 மார்ச்சில் உள்பயன்பாட்டுக்கென்றே ஒதுக்கப்பட்ட எண்கள் அவை. யார் வேண்டுமானாலும், எத்தனை இடத்தில் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம்.

இந்த ஏற்பாடு பஞ்சத்தைத் தள்ளிப்போட்டது, கூடவே அதைக் கண்ணுக்கு மறைத்தும் வைத்தது. 2005 ஜனவரியில் பிஎஸ்என்எல் டேட்டாஒன் பிராட்பேண்ட் வந்து, கோயம்புத்தூரின் வீடுகளுக்கும் அலுவலகங்களுக்கும் மோடம் பெட்டிகள் ஏறியபோது, ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் முகவரி மாற்றும் வசதி இருந்தது. வாடிக்கையாளர் எவரும் முகவரி கேட்டு வரிசையில் நிற்கவில்லை. முகவரி இல்லை என்று எவரும் திருப்பி அனுப்பப்படவும் இல்லை.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2006 ஜனவரியிலேயே ஐபிவி6-க்கு மாறுவது பற்றிய பரிந்துரைகளை அரசுக்குக் கொடுத்துவிட்டது. 2010 ஜூலையில் தொலைத்தொடர்புத் துறை தேசியத் திட்டத்தை வெளியிட்டது. பெரிய சேவை நிறுவனங்கள் 2011 டிசம்பருக்குள்ளும், அரசு அமைப்புகள் 2012 மார்ச்சுக்குள்ளும் தயாராக வேண்டும் என்றது அந்தத் திட்டம். இதற்கிடையே உலகச் சேமிப்பே வற்றியது. 2011 பிப்ரவரி 3 அன்று மையச் சேமிப்பின் கடைசி ஐந்து தொகுதிகள் மண்டலப் பதிவகங்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டன. ஆசிய-பசிபிக் மண்டலத்துக்கான ஏப்னிக் பதிவகம், ஏப்ரல் 15 அன்று தன் கடைசித் தொகுதியில் கை வைத்தது. ஐந்து மண்டலங்களில் முதலில் தீர்ந்தது இந்த மண்டலம்தான். ஆளுக்கு 1,024 முகவரிகளுக்கு மேல் கிடையாது என்ற பங்கீடு அன்று தொடங்கியது. 2013 மார்ச்சில் இந்தியா இரண்டாவது திட்டத்தை வெளியிட்டு, புதிய காலக்கெடுக்களை வைத்தது. 2014 ஜூன் 30க்குப் பிறகு தரப்படும் கம்பிவழி வீட்டு இணைப்புகள் எல்லாம் ஐபிவி6 தாங்கவேண்டும் என்பது அவற்றில் ஒன்று. அந்தக் காலக்கெடுவும் வந்து போனது. 2016 தொடக்கத்தில்கூட இந்தியப் பயனர்களில் ஐபிவி6 வழியாக வந்தவர்கள் நூற்றுக்கு ஒன்றிரண்டு பேர்தான்.

கொங்கு மண்டலத்தைப் பொறுத்தவரை இது கவனிக்கவேண்டிய செய்தி. புதிய இயந்திரத்துக்குத் தயங்கும் ஊர்கள் அல்ல இவை. 1930களில் பைக்காரா நீர்மின்சாரம் வந்த கையோடு நூற்பாலைகள் பெருகின. 1937இல் ஜி.டி. நாயுடுவின் பட்டறையில் மின்மோட்டார் உருவானது. பின்னாளில் நூல் சுற்றும் ஆட்டோகோனரும் தானியங்கித் தறியான ஆட்டோலூமும் வந்தபோதும் எந்த அரசாணைக்கும் இங்கே யாரும் காத்திருக்கவில்லை. ஓர் இயந்திரம் யூனிட்டுக்கு எத்தனை பைசா மிச்சம் பிடிக்கும் என்று முதலாளி அன்றிரவே கணக்குப் போட்டுவிடுவார். முகவரிக்கு அப்படி ஒரு கணக்கே இல்லை. வாங்கும்போது விலை தனியாகத் தெரியவில்லை. மாற்றினால் மிச்சமாகும் தொகை என்றும் எதுவும் இல்லை. ஆலைக்குள் ரிங் பிரேம் என்னும் நூற்பு இயந்திரங்களைக் கண்காணிக்கும் கணினிகளுக்கு 192.168 போதுமானதாக இருந்தது. கணக்கில் ஏறாத ஒன்றை மாற்றச் சொல்லித் தில்லியிலிருந்து வரும் சுற்றறிக்கைக்கு கோயம்புத்தூரில் வேலை இல்லை. தொழில்முனைவோரின் பக்கம் நின்று பார்த்தால் அது நியாயமான முடிவும்கூட.

முகவரியைக் கணக்கில் ஏற்றியே தீரவேண்டிய ஒரு நிறுவனம் 2016இல் வந்தது. ரிலையன்ஸ் ஜியோ அந்த ஆண்டு செப்டம்பர் 5 அன்று சேவையைத் தொடங்கியபோது, மற்ற நிறுவனங்களைப்போல 2ஜி, 3ஜி பாரம் எதுவும் அதன் தலையில் இல்லை. 4ஜி மட்டும் கொண்ட வலையமைப்பு. பழைய மொபைல் வலைகளில் குரலுக்குத் தனிப் பாதை உண்டு. டேட்டா திறந்தால்தான் கைபேசிக்கு முகவரி தேவைப்படும். ஜியோவில் பேச்சும் டேட்டாவாகவே போகிறது. அழைப்பு எப்போது வரும் என்று தெரியாததால், சட்டைப்பையில் சும்மா கிடக்கும் கைபேசிக்கும் இரவு பகலாக முகவரி இருந்தாகவேண்டும். முதல் 170 நாட்களில் சேர்ந்தவர்கள் 10 கோடிப் பேர். அத்தனை பேருக்கு ஈடுகொடுக்க உலகச் சந்தையில் பழைய முகவரிகளை விலைக்கு வாங்குவது கட்டுப்படியாகாது. ஆறாம் பதிப்பை அடித்தளமாக வைத்து வலையைக் கட்டுவதே மலிவான வழியாக இருந்தது. 2006 முதல் கொள்கை அறிக்கைகள் தேடிக்கொண்டிருந்த ஆதாயக் கணக்கு இங்கேதான் நேர் ஆனது.

தொழில்நுட்பமும் அதற்குள் பழுத்திருந்தது. 2013 ஏப்ரலில் 464எக்ஸ்லாட் என்ற முறை வரையறுக்கப்பட்டது. கைபேசிக்குள் ஒரு சிறு மொழிபெயர்ப்பு, வலையமைப்பின் மையத்தில் இன்னொரு மொழிபெயர்ப்பு என இரண்டு முனையிலும் வேலை நடக்கும். நடுவில் ஓடுவது முழுக்க ஆறாம் பதிப்பு. பழைய செயலிகளுக்கோ தாங்கள் இன்னும் நான்காம் பதிப்பில் இருப்பதாகவே தோன்றும். அதே ஆண்டில் வந்த ஆண்ட்ராய்டு 4.3 இதற்கு இடம் கொடுத்தது. 2016 ஜூன் 1 முதல், ஐபிவி6 மட்டும் உள்ள வலையில் இயங்காத செயலிகளைத் தன் கடையில் ஏற்கமாட்டோம் என்று ஆப்பிள் நிறுவனம் விதித்தது. ஜியோ கடை திறந்தபோது கைபேசிகளும் செயலிகளும் தயாராக நின்றன. 2017இல் 1,500 ரூபாய் வைப்புத்தொகைக்கு ஜியோபோன் வந்தபின், பட்டன் போன் வைத்திருந்தவர்களின் கைக்கும் புதிய முகவரி போய்ச் சேர்ந்தது.

கொங்கில் இந்த மாற்றத்தை விரைவுபடுத்திய இரண்டாவது நிகழ்ச்சிக்கு முகவரியோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. 1999இல் தமிழகத்தில் தொடங்கிய ஏர்செல், இந்த மாநிலத்தில் ஆழமாக வேரூன்றிய நிறுவனம். கோவை, ஈரோடு, சேலம் பக்கத்துக் கடைத்தெருக்களில் அதன் சிம் இல்லாத வியாபாரி அபூர்வம். 2018 பிப்ரவரி மூன்றாம் வாரத்தில் கோபுர வாடகைப் பாக்கியும் கடன் சுமையும் அழுத்த, தமிழகம் முழுக்க சிக்னல் அறுந்தது. எண்ணை வேறு நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்ளத் தேவையான போர்ட்டிங் குறியீட்டைப் பெறுவதற்கே சிக்னல் வேண்டும் என்பதால், ஏர்செல் அலுவலகங்களின் முன்னால் கூட்டம் நெரிந்தது. பல ஆண்டுகளாக விசிட்டிங் கார்டிலும் பில் புத்தகத்திலும் அச்சடித்த எண்ணை இழப்பது ஒரு வியாபாரிக்குச் சாதாரண நட்டமில்லை. அந்த நாட்களின் பதற்றத்தை வேறு எந்த வரலாற்றுக் குறிப்பும் மறைத்துவிடக்கூடாது. பிப்ரவரி 28 அன்று நிறுவனம் திவால் நடவடிக்கைக்கு விண்ணப்பித்தது. அங்கிருந்து வெளியேறியவர்களுக்கு எஞ்சிய தேர்வுகள் ஜியோ, ஏர்டெல், வோடபோன், ஐடியா, பிஎஸ்என்எல். இவற்றில் ஜியோ ஏற்கெனவே ஆறாம் பதிப்பில் இருந்தது. ஏர்டெலும், 2018 ஆகஸ்டில் ஒன்றாக இணைந்த வோடபோன் ஐடியாவும் அதை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தன.

இப்படி, எவரும் கேட்காமல், எவருக்கும் தெரியாமல், மண்டலத்தின் பெரும்பாலான கைபேசிகள் புதிய முகவரிக்கு வந்து சேர்ந்தன. நான்காம் பதிப்பு முகவரியில் புள்ளிகளால் பிரித்த நான்கு எண்கள் இருக்கும். ஆறாம் பதிப்பில் முக்காற்புள்ளிகளால் பிரித்த எட்டுத் தொகுதிகள் வரை வரும். கைபேசியின் அமைப்புகளுக்குள் போய்ப் பார்த்தால், ஜியோ இணைப்பில் 2409 என்றும் ஏர்டெல் இணைப்பில் 2401 என்றும் தொடங்கும் நீண்ட முகவரி தென்படும்.

இணைய விளம்பரங்களுக்குள் சிறு சோதனை நிரலை வைத்து, பார்ப்பவரின் இணைப்பு எந்தப் பதிப்பைத் தாங்குகிறது என்று ஏப்னிக்கின் ஆய்வுப் பிரிவு அன்றாடம் அளக்கிறது. அந்த அளவீட்டில் இந்தியா 2016க்குப் பின் சில ஆண்டுகளிலேயே உலகின் முன்வரிசைக்கு ஏறியது. 2020களில் இந்தியப் பயனர்களில் பத்துக்கு ஏழு பேர் புதிய பதிப்பைத் தாங்கும் இணைப்பில் இருந்தனர். மற்ற நாடுகள் வேறு வழிகளில் வந்தன. பெல்ஜியத்தில் ஒரு முகவரியைப் பதினாறு வாடிக்கையாளருக்கு மேல் பகிரக்கூடாது என்று 2012இல் சேவை நிறுவனங்கள் அரசோடு ஒத்துக்கொண்டன. குற்ற விசாரணையில் ஆளை அடையாளம் காண்பதற்காக வந்த ஏற்பாடு அது. பகிர்வுக்கு வரம்பு விழுந்ததும் நிறுவனங்கள் தாமாகவே ஆறாம் பதிப்புக்கு நகர்ந்தன. சில ஆண்டுகள் உலகிலேயே முதலிடத்தில் பெல்ஜியம் இருந்தது. வியட்நாம் 2009இலேயே தேசியப் பணிக்குழு அமைத்துப் படிப்படியாக வந்தது. சீனாவில் 2017 நவம்பரில் மேலிருந்து ஆணை இறங்கியது. இந்தியாவில் ஆணைகள் முதலில் வந்தும் வேலை நடந்தது சந்தையில் ஒரு புதியவர் நுழைந்ததால்தான்.

கம்பிவழி இணைப்பின் கதை வேறு. கொங்கு நகரங்களில் வீட்டுக்கு வரும் ஃபைபர் பெரும்பாலும் தெருவின் கேபிள் டிவி ஆபரேட்டர் கையால் வருகிறது. அவர் சிறிய இணையச் சேவை நிறுவனம் ஒன்றின் கிளையாகவோ பங்காளியாகவோ இருப்பார். அத்தகைய சிறு நிறுவனங்கள் பிறந்ததே முகவரி தீர்ந்த பிறகு. ஏப்னிக் தன் பங்கீட்டை 2019 பிப்ரவரியில் இன்னும் சுருக்கியது. புதிதாக வரும் உறுப்பினருக்கு 512 முகவரிகள்தான். இந்தியாவுக்கான பதிவகமான ஐரின் வழியாக வாங்கினாலும் அளவு அதுவே. ஆயிரக்கணக்கான வீடுகளை 512 எண்களுக்குள் அடக்க, வீட்டு மோடம் செய்யும் முகவரி மாற்றத்தை நிறுவனம் தன் மையத்திலும் ஒருமுறை செய்கிறது. ஒரே பொது முகவரியின் பின்னால் ஒரு தெருவே ஒளிந்துகொள்ளும் நிலை இதனால் வந்தது.

இதன் சுமை சிறு வணிகத்தின் மேல் விழுகிறது. கோடவுனில் மாட்டிய கேமராவை வீட்டிலிருந்து பார்க்க, அலுவலகக் கணினியில் இருக்கும் டேலி கணக்கு மென்பொருளை வெளியூரிலிருந்து திறக்க, வெளியிலிருந்து உள்ளே வரும் பாதை வேண்டும். பகிர்ந்த முகவரியில் அந்தப் பாதை இல்லை. ‘ஸ்டாட்டிக் ஐபி’ என்று தனியாகக் கட்டணம் கட்டி வாங்கவேண்டும், அல்லது கேமரா தயாரித்த கம்பெனியின் சர்வர் வழியாகச் சுற்றிவர வேண்டும். இன்று விற்கும் மலிவுக் கேமராக்கள் பெரும்பாலும் இரண்டாவது வழியில் போகின்றன. சொந்தக் கோடவுனின் காட்சி எங்கோ வெளிநாட்டில் இருக்கும் ஒரு சர்வரைத் தொட்டுவிட்டுத் திரும்புகிறது. முகவரிப் பஞ்சம் வாங்கிக்கொள்ளும் விலைகளில் மிக மோசமானது இதுவே. காவல்துறைக்கும் இது தலைவலி. ஒரு மோசடியின் தடயமாகக் கிடைக்கும் பகிர்ந்த முகவரி, சரியான நேரமும் இணைப்பு வாயில் எண்ணும் சேர்ந்திருந்தால்தான் ஒரு வீட்டைக் காட்டும். 2017 அக்டோபரில் ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோல் இதே காரணத்துக்காகப் பகிர்வு முறைக்கு முடிவு கட்டவேண்டும் என்று வெளிப்படையாகக் கோரியது.

ஆறாம் பதிப்பு இந்தச் சிக்கலைத் தீர்க்கும். ஆனால் சும்மா தீர்க்காது. ஒரு சிறு நிறுவனத்துக்குக் கிடைக்கும் சாதாரண ஒதுக்கீடே 65,536 இடங்களுக்குத் தலா ஒரு பெரிய தொகுதியைத் தரும். அப்போது ஒவ்வொரு கேமராவும் உலகத்திலிருந்து நேரடியாகத் தொடக்கூடியதாகிவிடும். மோடத்தின் தடுப்புச்சுவர் சரியாக அமையாவிட்டால், இதுவரை தற்செயலாகக் கிடைத்துவந்த மறைவு போய்விடும். மையக் கருவிகளை மாற்றி, வேலையாட்களைப் பழக்கி, வீடுவீடாக மோடத்தைச் சரிபார்க்க ஆபரேட்டருக்குக் கை முதல் வேண்டும். 2021 நவம்பரில் தொலைத்தொடர்புத் துறை காலக்கெடுவை மறுபடி நகர்த்தி, 2022 டிசம்பர் 31க்குப் பின் தரும் கம்பிவழி வீட்டு இணைப்புகள் ஐபிவி6-இல் இருக்கவேண்டும், பழைய மோடங்களையும் அதற்குள் மாற்றவேண்டும் என்றது. 2014இல் முடிந்திருக்கவேண்டிய வேலைக்கு எட்டரை ஆண்டு நீட்டிப்பு. அரசு அமைப்புகளுக்கு அதே ஆணை 2022 ஜூன் 30 என்று நாள் குறித்தது. தொழில்முனைவோருக்குப் பொருந்தும் ஆதாயக் கணக்கு அரசுக்குப் பொருந்தாது. 2012, 2017, 2022 என்று தன் காலக்கெடுவைத் தானே தாண்டவிட்டதற்கு அதனிடம் நியாயமான காரணம் இல்லை.

விவசாயத்தில் மண்டலம் தனக்கென்று ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தது. பல்லடம், உடுமலை, கோபி பக்கங்களில் கிணறு தோட்டத்தில், வீடு ஊருக்குள். த்ரீ பேஸ் கரண்ட் வரும் நேரம் பார்த்து மோட்டாரைப் போட நடக்கவேண்டியிருந்தது. ஸ்டார்ட்டர் பெட்டியோடு ஒரு சிம் பொருத்திய மொபைல் ஸ்டார்ட்டர் அந்த நடையை மிச்சப்படுத்தியது. கரண்ட் வந்தால் பெட்டி விவசாயியை அழைக்கும். விவசாயி அழைத்து எண்ணை அழுத்தினால் மோட்டார் ஓடும். இதில் இணையமும் இல்லை, ஐபி முகவரியும் இல்லை. தொலைபேசி எண்ணே முகவரி. இயந்திரங்களுக்கென்று தனியாக 13 இலக்க எண்களை 2018 முதல் அரசு ஒதுக்கியதன் பின்னால் இப்படிப்பட்ட பயன்பாடுகளே இருந்தன. 2ஜி வலைகள் குறையக் குறைய இந்தப் பெட்டிகள் 4ஜிக்கும் டேட்டாவுக்கும் நகர்கின்றன. டேட்டாவுக்கு வந்த பெட்டி, கைபேசியைப்போலவே தன் நிறுவனத்தின் வலையில் ஆறாம் பதிப்பு முகவரி பெற்றுவிடுகிறது. கோவையின் அலுவலகங்களுக்கு முன்பாகக் கிணற்றுமேடு மாறிக்கொண்டிருக்கிறது.

ஏற்றுமதி நிறுவனங்களின் இணையதளங்களும் மென்பொருள்களும் பெரும்பாலும் வாடகைக் கிளவுட் சர்வர்களில் இருக்கின்றன. அங்கே பழைய முகவரி பில்லில் தனி வரியாகவே ஏறிவிட்டது. 2024 பிப்ரவரி 1 அன்று அமேசான் நிறுவனத்தின் கிளவுட் சேவை, ஒவ்வொரு பொது ஐபிவி4 முகவரிக்கும் மணிக்கு 0.005 டாலர் வசூலிக்கத் தொடங்கியது. ஆண்டுக்கு ஏறத்தாழ 44 டாலர். அந்த முகவரிகளை வாங்கும் செலவு ஐந்தாண்டில் மும்மடங்குக்கு மேல் உயர்ந்துவிட்டது என்று அது காரணம் சொன்னது. ஆறாம் பதிப்பு முகவரிக்கு இந்தக் கட்டணம் இல்லை. பத்து இருபது சர்வர் வைத்திருக்கும் நிறுவனம், எந்தச் சர்வருக்கு உண்மையில் பொது முகவரி வேண்டும் என்று இப்போது எண்ணிப் பார்க்கிறது.

ஆலைத் தளத்தின் கணக்கு இன்னும் மாறவில்லை. இயந்திரங்களின் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் பேசும் தொழிற்சாலை நெறிமுறைகளில் பல, நான்காம் பதிப்பை மனதில் வைத்து எழுதப்பட்டவை. உள்வலைக்குள் முகவரிப் பஞ்சம் கிடையாது. ஓடிக்கொண்டிருக்கும் கட்டுப்பாட்டைத் தொட்டு உற்பத்தியை நிறுத்த எந்த மேலாளரும் துணியமாட்டார். நன்றாகப் பராமரிக்கப்படும் ஒரு ரிங் பிரேம் 25 ஆண்டுகள் ஓடும். 2020இல் கோவையில் நிறுவிய இயந்திரம் 2045 வரை 192.168 என்ற முகவரியிலேயே நூல் நூற்றுக்கொண்டிருக்கும்; அதன் உற்பத்தி விவரத்தைப் பார்க்கும் மேலாளரின் கைபேசியோ 2016க்குப் பின் எப்போதோ ஆறாம் பதிப்புக்கு மாறிவிட்டது. இரண்டுக்கும் இடையே ஆலையின் ரவுட்டரும் கிளவுட் சர்வரும் நின்று மொழிபெயர்த்துக்கொண்டிருக்கின்றன.